வந்துட்டே இருக்கா

அந்தப் போனை எடுத்துப் பேசுங்க சார். பேசலீன்னா அமத்தியாச்சும் வைங்க. கோவிச்சுக்காதீங்க. ஜோலார்பேட்டை தாண்டுனதுல இருந்து மூணு தடவை அடிச்சிருச்சு. அந்தப் பாட்டுக் காதுல விழுந்தா எனக்குச் சோத்துல பல்லி கெடந்த மாதிரி ஆயிருதுங்க.

தெரியுங்க, தெரியுங்க. எல்லாத்துக்கும் புடிச்ச பாட்டு. 'வந்துட்டே இருக்கா, வந்துட்டே இருக்கா, வாசலப் பாருங்க, வந்துட்டே இருக்கா.' மண்டபத்துல பொண்ணு உள்ள நடந்து வர்றப்பப் போடறாங்க. பொண்ணு கூலிங்கிளாஸ் மாட்டிட்டு, தோளை ஆட்டிட்டு வருது. ரெண்டு பக்கமும் தோழிப் புள்ளைங்க பூவை வீசுது. உங்க அக்கா மக கல்யாணத்துக்கும் இதேதானா? சரியாப் போச்சு போங்க.

அதைப் பாடுனது என்ற மகதானுங்க.

சும்மா சொல்லலீங்க. உங்க போன்லயே பாருங்க, பாட்டுக்குக் கீழ பேரு போட்டிருக்கும். நிரஞ்சனி சென்னியப்பன். சென்னியப்பன் நாந்தான். தாராபுரத்துல மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கேன். என்ற பேரையும் சேத்துப் போட்டிருக்கா பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் கேவலம்.

அட, கையெல்லாம் குடுக்காதீங்க, உக்காருங்க. இப்பிடித்தான் எல்லாரும் கை குடுக்கறாங்க. கடைக்கு வந்து பருத்திக்கொட்டை புண்ணாக்கு வாங்கறவன்கூட செல்பி எடுத்துட்டுப் போறான். உங்க மக பாட்டுன்னா காலு நிக்க மாட்டேங்குதுங்கறான். காலு நிக்காது. மெட்டு அப்பிடி. நான் கேக்கறது, அந்த மெட்டுக்குள்ள என்ன எழுதியிருக்கான்னு ஒரு நாயாச்சும் காது குடுத்துக் கேட்டுச்சா? நீங்க கேட்டீங்களா? முப்பது செகண்டு கேட்டிருப்பீங்க. எல்லாரும் அந்த முப்பது செகண்டுதான் கேட்டாங்க. நானும் அப்பிடித்தானுங்க கேட்டேன். அதுலதான் நாசமாப் போனேன்.

அது ஒத்தைப் பாட்டு இல்லீங்க. ஆல்பம்னு சொல்றாங்க, மொத்தம் ஒன்பது பாட்டு. சினிமா கிடையாது ஒண்ணும் கிடையாது, இவளும் இன்னும் மூணு பேரும் ஒரு ரூமுக்குள்ள உக்காந்து அவிங்களா பண்ணுனது. நல்ல கம்பெனி வேலையை விட்டுப்போட்டு இதைப் பண்ணுனா. ஆல்பத்துக்குப் பேரு 'எங்க வீட்டு விசேஷம்'. மேல அட்டைப்படம் என்ன தெரியுங்களா? எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை. இந்தக் கோடியில ஒரு தட்டு, அந்தக் கோடியில ஒரு தட்டு, நடுவுல ஒரு சின்னத் தட்டு. மஞ்சக் கலரு, ரோஸ் கலரு, பலூன் எல்லாம் கட்டி வெச்சிருக்கா. பாத்தா பொறந்த நாள் விழா மாதிரி இருக்கும். கருமம்.

ஒன்பது பாட்டும் அந்த மாதிரிதான். வெளிய சக்கரைப் பாகு, உள்ள வெளக்கெண்ணெய். ரெண்டாவது பாட்டு என்னன்னா, 'அம்மாகிட்ட சொல்லு உப்புப் பத்தல, அப்பாகிட்ட சொல்லு ஊறுகா இருக்கு, சொல்லு சொல்லு சொல்லு.' இதுக்கு ஒரு மெட்டுப் போட்டிருக்கா பாருங்க, எங்க ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல சின்னக் கொழந்தைங்க முயல் காது மாட்டிட்டு இதுக்கு ஆடுச்சுங்க. நான் முன் வரிசையில உக்காந்திருந்தேன். பாடுனவ அப்பான்னு சால்வை போட்டாங்க.

அது எங்க வீடுங்க சார். எங்க வீட்டுப் பேச்சு. நானும் என்ற சம்சாரம் கோகிலாமணியும் நேருக்கு நேர் பேசிப் பதினோரு வருசம் ஆச்சு. ஆமா, ஒரே வீட்டுலதான். ஒரே மேசையிலதான் சாப்பிடுவோம். சண்டை கிண்டை எதுவும் கிடையாதுங்க, மரியாதையான குடும்பம். எதாச்சும் சொல்லோணும்னா புள்ளைகிட்டச் சொல்லுவேன். உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு ஈரோடு போறேன்னு. அவ அந்தப் பக்கம் உக்காந்துட்டு, உங்கப்பாகிட்ட சொல்லு, போறப்ப கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டுப் போகட்டும்னு. நடுவுல புள்ளை. பன்னெண்டு வயசுல எவ்வளவு பொறுப்பா சொல்லுவா தெரியுங்களா? ஒரு வார்த்தை கூட்ட மாட்டா, ஒரு வார்த்தை கொறைக்க மாட்டா. எனக்கு அதுல பெருமைதான். அவ மெட்ராஸ் போனப்பறமும் மேசை நடுவுல போனை வெச்சு, அவ வழியாத்தான் பேசுனோம்.

அவளுக்கு ஒருக்கா நூத்தி மூணு காய்ச்சல். கட்டில்ல கெடக்கறா. நான் நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டுச் சொன்னேன், உங்கம்மாகிட்ட சொல்லு, உனக்குக் காய்ச்சல் அடிக்குதுன்னு. எந்திரிச்சுப் போயிச் சொல்லிட்டு வந்து படுத்துக்கிட்டா. அது ஆறாவது பாட்டு. கையைத் தட்டிட்டே பாடற மாதிரிப் போட்டிருக்கா. நடந்தது நடந்ததுதானுங்க, நான் இல்லீங்கல. அதுக்குக் கைத்தட்டலாங்க? மேளக்காரங்ககூட சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடின்னு வெச்சிருக்காங்க. அழுகாச்சியை அழுகாச்சியாப் பாடித் தொலைச்சிருந்தா நான் சுதாரிச்சிருப்பேனே. ஊரும் கேட்டிருக்காது. யாருக்கு சார் வேணும் அழுகாச்சி?

ஏன் பேசறதில்லைன்னு கேக்கறீங்களா? கேளுங்க, பரவாயில்ல. சேலம் வரைக்கும் வேற என்ன வேலை.

நான் பேச்சை நிறுத்தல சார். அவளும் நிறுத்தல. அவ ஒரு கேள்வி கேட்டா. நான் அதுக்குப் பதில் சொல்லல. அவ்வளவுதான் நடந்தது. பதில் சொல்ற வரைக்கும் வேற எதுவும் பேசறதுக்கில்லைன்னுட்டா. நானும் ரோசக்காரன். சரி, கெடன்னு விட்டேன். அது அப்பிடியே பதினோரு வருசம் ஓடிருச்சு.

என்ற தங்கச்சி சாந்தாமணிக்கு ஒரே மக, இந்துப்பிரியா. அந்தப் புள்ளை பெரிய மனுசி ஆனப்பத் தெரட்டி சீரு வெச்சோம். உங்க பக்கம் மஞ்சத் தண்ணின்னு சொல்லுவீங்க. தாய்மாமன் நான். எங்க பக்கம் அதுல மாமன் மட்டும் போதாதுங்க. மாமன் பொண்டாட்டிதான் புள்ளைக்குத் தண்ணி ஊத்தோணும், சேலை கட்டோணும், கையைப் புடிச்சு மணையில உக்கார வெக்கோணும். அவ இல்லாட்டி சீரே இல்லை. ஐநூறு பத்திரிகை குடுத்தாச்சு. மறுநாள் வெடியால ஏழு மணிக்கு நேரம் குறிச்சிருக்கு.

மொத நாள் பொழுதோட என்ற மாமனார் சிவன்மலையில உசுரு இழுத்துட்டுக் கெடந்தாரு. ஒரு வாரமாவே முடியாம இருந்தாரு. வயசாச்சு, எண்பத்தி ரெண்டு. அன்னிக்கு ராத்திரி தாண்டாது சார். வெடியால நாலு மணிக்குப் போயிட்டாரு. மச்சினன் எனக்குத்தான் போன் பண்ணுனான். நான் சொன்னேன், மாப்ளை, சீரு முடியட்டும், பந்தி முடியட்டும், நானே கூட்டிட்டு வர்றேன், அதுவரைக்கும் உங்கக்காகிட்ட மூச்சு விடாதேன்னு. அவன் ஒத்துக்கிட்டான். எல்லா வீட்டுலயும் பண்றதுதானுங்க இது. சாவுச் சேதி காதுல விழுந்தாத்தான் தீட்டு. காதுல விழுகாத வரைக்கும் தீட்டு இல்லை. கேட்டுப் பாருங்க, பெரியவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. அவ பட்டுச் சேலை கட்டிட்டு, புள்ளைக்குத் தண்ணி ஊத்தி, ஆரத்தி எடுத்து, பந்தியில நின்னு ஒப்புட்டு போட்டுட்டு நல்லாச் சிரிச்சுட்டு இருந்தா. மத்தியானம் ஒண்ணரை மணிக்கு ரூமுக்குள்ள கூப்பிட்டுச் சொன்னேன். அப்பிடியே செவுத்தைப் புடிச்சுட்டு உக்காந்துட்டா.

அதுக்குக்கூட அவ எங்கிட்டக் கோவிச்சுக்கலீங்க. நம்புவீங்களா? தெரட்டிக்காக மறைச்சதுக்கு ஒரு வார்த்தை சொல்லல. சாவு வீட்டுல என்ற மச்சினன்தான் வாயை வெச்சுட்டு இருக்காம ஒண்ணு சொல்லிப்போட்டான். "அக்கா, அப்பன் ராத்திரியெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிட்டுக் கெடந்தாரு. வந்துட்டே இருக்கா, வந்துட்டே இருக்கான்னு. வாசலையே பாத்துட்டு இருந்தாரு. சன்னியில பெனாத்தறாருன்னு நெனச்சோம்"னான்.

ஆமாங்க. அந்த வார்த்தைதான்.

கருமாதி முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப அவ கேட்டா. "எங்கப்பன் உங்களுக்குப் போன் பண்ணுனாரா?" அது ஒண்ணுதான். நான் சட்டையைக் கழட்டி மாட்டிட்டு வெளிய போயிட்டேன். அடுத்த நாளும் கேட்டா. அதுக்கடுத்த நாளும் கேட்டா. அப்பறம் கேக்கறதை நிறுத்திட்டா. பேச்சும் நின்னுபோச்சு.

நீங்களும் அதையே கேக்காதீங்க சார். வர்றேன், வர்றேன். சொல்லாம எங்க போகப் போறேன்?

இப்ப போன மாசம் நடந்தது பாருங்க. அதே இந்துப்பிரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன்ங்கற முறையில வரவேற்புல பொண்ணு உள்ள வர்ற ஏற்பாடெல்லாம் என்ற பொறுப்பு. அப்ப இந்தப் பாட்டு நாடு பூரா ஓடிட்டு இருக்கு. எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதுதான். சாந்தாமணி சொல்றா, "ஏண்ணா, ஊர்ல எல்லாரும் நம்ம நிரஞ்சனி பாட்டுக்கு நடந்து வர்றாங்க, நம்ம வீட்டுப் பொண்ணு வேற பாட்டுக்கா வருவா?"ன்னு. எனக்கும் உள்ளுக்குள்ள ஆசைதானுங்க. ஒரு வருசமா, பாட்டுப் பாடிட்டு ஊர் சுத்தறான்னு அவளைத் திட்டிட்டு இருந்தவன் நான். இப்ப ஆயிரம் பேரு முன்னாடி நெஞ்சை நிமுத்திட்டு நிக்கலாம் பாருங்க.

நிரஞ்சனிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவ மொதல்ல யாரெல்லாம் வர்றாங்கன்னு கேட்டா. அப்பறம், "அப்பா, அந்தப் பாட்டு வேண்டாம்ப்பா. வேற ஏதாச்சும் போடுங்க"ன்னா. ஏன் கண்ணுன்னேன். "வேண்டாம்ப்பா. முழுசாக் கேட்டீங்களா நீங்க?"ன்னா. கேக்காம என்ன, தெனமும் கேட்டுட்டுத்தான இருக்கேன்னேன். "அம்மா இருப்பாங்கப்பா அங்க"ன்னா. இருந்தா என்ன, மக பாட்டைக் கேட்டு அவளும் சந்தோசப்படட்டும்னு போனை வெச்சுட்டேன். புள்ளைக்குத் தன்னடக்கம்னு நெனச்சேன் சார். அவளுக்குக் கச்சேரி இருக்குது, கல்யாணத்துக்கு வர முடியாதுன்னுட்டா. இப்ப யோசிச்சா அதுவும் பொய்யாத்தான் இருக்கும்.

கோகிலாமணியும் அந்தப் பாட்டு எங்க கேட்டாலும் எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிருவா. பக்கத்து வீட்டு டிவியில ஓடுனாக்கூட சன்னலைச் சாத்திருவா. மக பேரு வாங்கறது பொறுக்கல, பொறாமைன்னு நெனச்சேன். பெத்தவளுக்கே பொறாமையான்னு கடையில சொல்லிச் சிரிச்சேன்.

வரவேற்பு அன்னிக்கு சவுண்டு சிஸ்டம் தம்பிகிட்ட நாந்தான் சொன்னேன். எல்லாரும் முப்பது செகண்டு போட்டு நிறுத்தறாங்க, நீ முழுசாப் போடு, பாடுனது நம்ம புள்ளைன்னேன். நாந்தானுங்க. என்ற வாயாலயே சொன்னேன். 'வந்துட்டே இருக்கா'ன்னு ஆரம்பிச்சதும் மண்டபமே எந்திரிச்சு நிக்குது. பொண்ணு கூலிங்கிளாஸோட வருது. புகையெல்லாம் விடறாங்க. மேடைக்குக் கீழ கோகிலாமணி ஆரத்தித் தட்டோட நிக்கறா, அத்தைக்காரி முறைக்கு. நான் இந்தப் பக்கம் கையைத் தூக்கிட்டு ஆடறேன். ஆடுனேன் சார், இந்த வயசுல.

முப்பது செகண்டு தாண்டுச்சு. அப்பறம் அந்த வரி வருது.

'போனுக்குள்ள மூச்சு வாங்குது, தாத்தா கொரலு தேஞ்சு போகுது. அம்மிணி கெளம்பிட்டாளா மாப்ளே? பழத்தட்டு அடுக்கிட்டே அப்பா சொல்றார், வந்துட்டே இருக்கா, வந்துட்டே இருக்கா.'

ஆயிரம் பேரும் சேந்து பாடறான் சார். வந்துட்டே இருக்கா, வந்துட்டே இருக்கான்னு. விசில் அடிக்கறான். அடுத்தாப்புல ஒரு வரி. 'அம்மாகிட்ட சொல்லாத கண்ணு, அத்தை வீட்டுச் சீரு கண்ணு.' அதுக்கும் கை தட்டறான். எனக்குத் தூக்குன கை எறங்கல. அப்பிடியே நிக்கறேன். கோகிலாமணி என்னைப் பாத்தா. பதினோரு வருசத்துல மொத தடவை நேராப் பாத்தா. ஆரத்தித் தட்டை மேடைப் படியில வெச்சா, கையைச் சேலையில தொடச்சா, அந்தக் கூட்டத்துக்குள்ள நடந்து வெளிய போயிட்டா. எல்லாரும் ஆடிட்டே வழி விட்டாங்க. பட்டுச் சேலையோடயே பஸ் ஏறி மெட்ராஸுக்கு மககிட்டப் போயிட்டா. சாந்தாமணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கா. 'நான் கேட்டதுக்கு உங்கண்ணன் வாயால பதில் சொன்னா வர்றேன். இல்லீன்னா வரல.'

அதான் சார் நடந்தது. பண்ணுனாரு. மாமனார் போன் பண்ணுனாரு. மொத நாள் பொழுதோட, சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். நான் கூடத்துல உக்காந்து சீர்த்தட்டு அடுக்கிட்டு இருக்கேன். ஆப்பிளு, மாதுளை, சாத்துக்குடி. நிரஞ்சனி பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கறா. அவ அம்மா பின்னாடி தோட்டத்துல வாழையிலை அறுத்துட்டு இருக்கா. பழைய போனு, பக்கத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் கேக்கும். பெரியவரு ஊசி போட வந்த நர்ஸுப் புள்ளையை விட்டு நம்பர் அடிக்கச் சொல்லியிருப்பாரு போல. "மாப்ளே, அம்மிணி கெளம்பிட்டாளா?"ன்னாரு. மகளை அவரு அம்மிணின்னுதான் கூப்பிடுவாரு. அவ்வளவுதான் பேச முடிஞ்சது. நான் என்ன சொல்றது? தாராபுரத்துல இருந்து சிவன்மலை ஒரு மணி நேரம். அனுப்புனா ராத்திரியே போயிருவாரு, இவளுக்குத் தீட்டு, விடிஞ்சாச் சீரு. ஐநூறு பத்திரிகை. அதான் சொன்னேன். வந்துட்டே இருக்கா மாமான்னு. புள்ளைகிட்ட, அம்மாகிட்ட சொல்லாத கண்ணுன்னேன். அவ சொல்லல. எதைச் சொல்லுன்னு சொன்னாலும் சொல்ற புள்ளை, இதைச் சொல்லாதேன்னு சொன்னதும் சொல்லவே இல்லை. அவ்வளவு பொறுப்பு.

பொறுப்பான புள்ளை பண்ற வேலையா சார் இது? பதினோரு வருசம் வயித்துக்குள்ள வெச்சிருந்து, மெட்டுப் போட்டு, ட்ரம்ஸ் அடிச்சு, ஊரையே ஆட விட்டு. தூ. சாகக் கெடந்த மனுசனோட கடைசிப் பேச்சு சார் அது. அதுக்குத் தோளை ஆட்டுது ஒவ்வொரு கல்யாணப் பொண்ணும். நெனைச்சாலே அருவருப்பா இருக்குது.

இருபத்திரெண்டு நாளுப் பாத்தேன். வீட்டுல இருக்க முடியலீங்க. பேச மாட்டா, ஆனா இருப்பா பாருங்க. பாத்திரம் கழுவற சத்தம் கேக்கும். நான் சாப்பிட்டு எந்திரிச்சா தட்டை எடுக்கறதுக்கு ஒரு கை வரும். அது இல்லாம வீடு வீடாவே இல்லை. சொல்றதுக்கு வெக்கமா இருக்குது, ராத்திரிக்கு வெறும் தயிரை ஊத்திச் சாப்பிட்டுட்டு அழுதேன். சரி, போயிக் கூட்டிட்டு வந்துரலாம்னு நேத்து வண்டி ஏறுனேன். இன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கு மக வீட்டு முன்னாடி நிக்கறேன்.

நிரஞ்சனிதான் கதவைத் தொறந்தா. எளைச்சுப் போயிருக்கா. ஒரே ரூமு, ஒரு மூலையில கிடாரு, கீபோர்டு, ஒயருங்க. கோகிலாமணி கீழ உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருக்கா. தலையைத் தூக்கல. நான் சேர்ல உக்காந்தேன். நிரஞ்சனிகிட்டச் சொன்னேன், கண்ணு, உங்கம்மாகிட்ட சொல்லு, மத்தியான வண்டிக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன், கெளம்பட்டும்னு.

அவ என்ன சொன்னா தெரியுங்களா? "அப்பா, நான் இனிமே சொல்ல மாட்டேன்ப்பா. நீங்களே சொல்லுங்க"ன்னா. கோவமாச் சொல்லல. கெஞ்சற மாதிரிச் சொன்னா. சொல்லிட்டுச் செருப்பு மாட்டிட்டு வெளிய போயிக் கதவைச் சாத்திட்டா.

பதினோரு வருசத்துல நடுவுல ஆளில்லாம நாங்க ரெண்டு பேரும் பேச உக்காந்தது அன்னிக்குத்தான். இன்னிக்குத்தான், இன்னிக்குக் காலையிலதான். கெளம்புன்னேன். அவ வெங்காயத்தை வெச்சுட்டு, "எங்கப்பன் போன் பண்ணுனாரா?"ன்னா. அதே கேள்வி சார். வார்த்தைகூட மாறல. அதுதான் பாட்டுலயே வந்துருச்சேன்னேன். "அது எம் புள்ளை சொன்னது. நீங்க சொல்லுங்க"ன்னா.

பண்ணுனாருன்னேன்.

"எத்தனை மணிக்கு?"

ஆறரைன்னேன்.

"என்ன கேட்டாரு?"

அம்மிணி கெளம்பிட்டாளான்னு கேட்டாருன்னேன். அவ கண்ணை மூடுனா. தொறந்தா. "நீங்க என்ன சொன்னீங்க?"

சொல்லிரலாம், ஒரு வார்த்தைதானேன்னு வாயைத் தொறந்தேன் சார். மெட்டோட வருது. சத்தியமாச் சொல்றேன், அந்தக் கருமம் புடிச்ச மெட்டோட வருது. 'வந்துட்டே இருக்கா, வந்துட்டே'ன்னு இழுத்துட்டு, மேல தூக்கிட்டு வருது. ஆறு மாசமா கடையில, பஸ்ஸுல, மண்டபத்துல அதையே கேட்டிருக்கனில்ல, வாய் அப்பிடியே பழகிருச்சு. பாதியில நிறுத்திட்டேன். அவ மூஞ்சியைப் பாக்க முடியல. எனக்கு ஆத்திரம், எல்லாம் அந்தப் புள்ளையால. உன்ற மக எதுக்கு இதுக்குப் போயி இப்பிடி ஒரு குத்தாட்ட மெட்டுப் போட்டா, அதைக் கேளுன்னு கத்துனேன்.

கதவுக்கு வெளியதான் நின்னுட்டு இருந்திருக்கா. தொறந்துட்டு உள்ள வந்தா. "நான் எதுவும் போடலப்பா. நீங்க அன்னிக்கு எப்பிடிச் சொன்னீங்களோ அப்பிடியேதான் போட்டேன்"னா.

கோகிலாமணி என்னைப் பாத்து, "சிரிச்சுட்டா சொன்னீங்க?"ன்னா.

ஆமான்னேன். பொய் சொல்ல வரல. சிரிச்சுட்டுத்தான் சொன்னேன், சீர் வீட்டுக்காரன் சந்தோசமாப் பேசற மாதிரி, நல்லா இழுத்து, சத்தமாச் சொன்னேன். அப்பிடிச் சொன்னாத்தான சார் பெரியவரு நம்புவாரு? அதையும் அவகிட்டச் சொன்னேன்.

அவ மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கிட்டா. கொஞ்ச நேரம் உரிச்சா. அப்பறம், "வண்டிக்கு நேரமாச்சு, நீங்க கெளம்புங்க"ன்னா. நேரா எங்கிட்டத்தான் சொன்னா.

அதான் சார், பக்கத்து சீட்டு காலியா இருக்குது. நீங்க பையை வெச்சிருக்கீங்களே, அது அவளுக்குப் போட்ட டிக்கெட். இருக்கட்டும், எடுக்க வேண்டாம்.

நீங்க வேற ஏதோ நெனச்சுட்டீங்க, நான் தனியா முணுமுணுத்துட்டு வர்றதைப் பாத்து. பைத்தியமெல்லாம் இல்லீங்க. ஊருக்குப் போயி அவளுக்குப் போன் போட்டு, அந்த வார்த்தையைச் சாதாரணமா, மனுசன் பேசற மாதிரி, ஒரே ஒருக்காச் சொல்லோணும்னு இருக்கேன். காட்பாடியில இருந்து சொல்லிப் பாத்துட்டே வர்றேன் சார். மெட்டு இல்லாம வர மாட்டேங்குது.